டென்ஸ் வேலை செய்யவில்லை என்கிறவர்களுக்கு: அளவு, ஒட்டும் இடம், கருவியின் குறைகள்

வெள்ளவத்தையான்:
முழங்கால் தேய்வுக்கும் நாரிப்பிடிப்புக்கும் வீட்டிலேயே டென்ஸ் கருவியால் (தோலில் துண்டு ஒட்டி, மெல்லிய கரண்ட் விட்டு நோவைக் குறைக்கப் பார்க்கிற கருவி) கரண்ட் பிடிக்கிற ஆட்கள் கொழும்பில் இப்ப கூட. இணையக் கடைகளில் "மசாஜர்" என்ற பெயரில் விற்கிற கருவிகளில் பி1 தொடக்கம் பி8 வரை ஏதோ எழுதியிருக்கு, பக்கத்தில் 1 முதல் 20 வரை ஓர் இலக்கம். ஹேர்ட்ஸும் இல்லை, மில்லியம்பியரும் இல்லை. மூன்றிலோ நாலிலோ வைத்து இருபது நிமிசம் இருந்துவிட்டு "ஒண்டும் நடக்கேல்லை" என்று அலுமாரிக்குள் போடுகிறார்கள். உண்மையில் எவ்வளவு அளவு வேணும், எங்கே ஒட்ட வேணும், எந்த நோவுக்கு இது சரிவராது? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கோ.

இயன்கை:
மூன்றில் வைத்தால் ஒன்றும் நடக்காதுதான். டென்ஸ் தோற்கிற இடம் பெரும்பாலும் அதுதான்.

தோலுக்கு மேலால் கரண்ட் விட்டு நாங்கள் எழுப்பப் பார்ப்பது தொடுகையை உணருகிற பருத்த நரம்பிழைகளை. அவை விழித்தால் முண்ணாணுக்குள் நோவுச் செய்தி நுழைகிற வாசல் ஒடுங்கும். மெல்சாக்கும் வோலும் 1965இல் வைத்த வாசல் கோட்பாடு இது. இரண்டு வருடம் கழித்து வோலும் சுவீற்றும் சின்ன மின்துடிப்புகளை நரம்பில் கொடுத்து அதைச் சோதித்தார்கள். பருத்த இழைகள் எழும்புவதற்கு ஓர் ஆகக்குறைந்த மின்னோட்டம் வேணும். லேசான கூச்சம் தெரிகிற அளவு அந்த எல்லையின் படிக்கட்டு மட்டும்தான்.

அளவு பிடிக்கிற முறை: மீடிறன் (செக்கனுக்கு எத்தனை துடிப்பு) 80 முதல் 100 ஹேர்ட்ஸ், துடிப்பகலம் (ஒரு துடிப்பு நீடிக்கிற நேரம்) 100 முதல் 200 மைக்ரோசெக்கன். வலுவை மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. முதலில் எறும்பு ஊருகிற மாதிரி, பிறகு தெளிவான விறுவிறுப்பு, அதுக்குப் பிறகு "இனிப் போதும்" என்று வாய் தானாகச் சொல்லும். அதிலிருந்து ஒரு படி இறக்குங்கோ. பலமாக இருக்க வேணும், ஆனால் தாங்க வேணும். ஐந்து நிமிசத்தில் உணர்வு மங்கிப்போகும். கருவி நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், நரம்பு பழகிவிட்டது. திரும்பவும் ஒரு படி கூட்டுங்கோ. ஒரு தடவைக்கு 30 முதல் 60 நிமிசம். எத்தனை மில்லியம்பியர் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, தோலும் கொழுப்பும் ஆளுக்காள் வித்தியாசம். ஒருவருக்கு 18இல் வருவது இன்னொருவருக்கு 40இல் வரும்.

இரண்டாவது வகை 2 முதல் 4 ஹேர்ட்ஸ், 200 மைக்ரோசெக்கனுக்கு மேல், தசை கண்ணுக்குத் தெரியத் துடிக்கும் அளவு வலு. இது உடம்பின் சொந்த ஓபியொயிட் (மோர்பின் மாதிரி நோவை அடக்குகிற பொருள்) பாதையால் வேலை செய்கிறது. அந்தப் பாதையை அடைக்கிற நலோக்சோன் மருந்தைக் கொடுத்தால் இந்தக் குறைந்த மீடிறனின் பலன் அடிபடுவது ஆய்வுகளில் தெரிந்தது. நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். ஆனால் 20, 30 நிமிசத்துக்கு மேல் வைத்தால் அடுத்த நாள் அந்தத் தசையில் உளைவு எடுக்கும். மோர்பின், திரமடோல் மாதிரி மருந்துகள் நெடுநாள் எடுக்கிறவர்களுக்கு இந்த வகை கைகொடுப்பது குறைவு. அவர்களுக்கு உயர் மீடிறனே நல்லது.

முழங்காலுக்கு நாலு மின்வாய் (ஒட்டுகிற துண்டு). சில்லு எலும்புக்கு மேல் ஒட்ட வேண்டாம், எலும்பின் மேல் தோல் மெல்லிசு, சுள்ளென்று கடிக்கும். ஒரு சனலின் (ஒரு சோடித் துண்டுக்கான வயர்) ஒரு துண்டு சில்லுக்கு மேலே உட்பக்கம், மற்றது கீழே வெளிப்பக்கம். அடுத்த சனல் அதற்குக் குறுக்கே. நோகிற மூட்டு நடுவில் வரும். நாரிக்கு முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும், நடுக்கோட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி, நெடுக்காக. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தால் பெருவிரல்கள் சந்திக்கிற இடம் கிட்டத்தட்ட நாலாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டம். அதுக்கு மேலும் கீழும் பிரித்து ஒட்டலாம். கால்வரை இழுக்கிற நோவென்றால் இரண்டாவது சனலைப் பிட்டத்திலும் கெண்டைக்காலிலும் கொடுங்கோ. இரண்டு துண்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு துண்டின் அகலம் விடுங்கோ.

இன்னொன்று: சும்மா படுத்திருக்கும்போது பிடிப்பதைவிட, நோ வருகிற வேலையைச் செய்துகொண்டே பிடியுங்கோ. நடக்கும்போது, படி ஏறும்போது. அசைவால் வருகிற நோவிலேதான் பலன் கூடத் தெரியும். வாகனம் ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

ஓம்விதி:
இயன்கை அக்கா சொன்னது ஆளின் பக்கம். கருவியின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

1 முதல் 20 வரை என்கிற இலக்கத்துக்கு அலகே கிடையாது. ஒரு கருவியின் 10 இன்னொன்றின் 4. அதைவிட மோசம், "தட்டு", "பிசை" என்ற மாதிரி முறைகளில் மீடிறனும் அகலமும் செக்கனுக்குச் செக்கன் மாறிக்கொண்டிருக்கும். மாறுவதே பிழை என்று சொல்லவில்லை, எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுப்பதுதான் பிழை. வாங்கும்போது மீடிறன், துடிப்பகலம், உச்ச மின்னோட்டம் மூன்றும் இலக்கமாக எழுதியிருக்கா என்று பாருங்கோ. எந்தத் தடைக்கு அந்த மின்னோட்டம் என்றும் இருக்க வேணும், வழக்கத்தில் 500 ஓமோ 1000 ஓமோ. மருத்துவக் கருவி என்று இலங்கையில் விற்பதென்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு வேணும். "மசாஜர்" என்று பெயர் போட்டால் அந்தக் கேள்வியே எழும்பாது, அதனால்தான் அந்தப் பெயர்.

துடிப்பு இருமுனையாக இருக்க வேணும், இரண்டு பக்கமும் போகிற ஏற்றம் சமப்பட வேணும். ஒரே பக்கம் போனால் ஒரு துண்டின் கீழ் அமிலம், மற்றதன் கீழ் காரம் சேர்ந்து தோல் வேகும். இது வெப்பச் சூடில்லை, இரசாயனச் சூடு. அதனால் சூடு தெரியாமலே புண் வரும்.

இப்ப ஒரு கணக்கு. உச்சம் 50 மில்லியம்பியர், சமச்சீர் இருமுனை, ஒவ்வொரு பக்கமும் 200 மைக்ரோசெக்கன், செக்கனுக்கு 100 தடவை. கரண்ட் ஓடுகிற நேரம் மொத்தத்தில் 4 சதவீதம். 0.04இன் வர்க்கமூலம் 0.2, ஆகவே ஆர்எம்எஸ் பெறுமானம் (அதே வெப்பத்தைத் தருகிற தொடர் கரண்டின் அளவு) 10 மில்லியம்பியர். 5 சென்ரிமீற்றர்ச் சதுரத் துண்டு 25 சதுர சென்ரிமீற்றர், சதுர சென்ரிமீற்றருக்கு 0.4. தாராளமாகச் சரி. இனி வியர்வையில் துண்டு கழன்று ஒரு மூலை மட்டும் ஒட்டியிருக்கு, தொடுகிற பரப்பு 4 சதுர சென்ரிமீற்றர் என்று வையுங்கோ. அப்ப 2.5. இந்தக் கருவிகளுக்கான சர்வதேச நியமம் 60601-2-10, சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லியம்பியரைத் தாண்டினால் தனிக்கவனம் வேணும் என்கிறது. அளவு மாறவில்லை, கருவியும் மாறவில்லை, துண்டு மட்டும்தான் கழன்றது.

மாறா மின்னோட்டக் கருவி (தடை மாறினாலும் கரண்டை ஒரே அளவில் வைக்கிறது) என்றால் மேலே சொன்னதுதான் நடக்கும், மூலையில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். மாறா அழுத்தக் கருவி (வோல்ற்றை ஒரே அளவில் வைக்கிறது) வேறு விதமாகப் பழிவாங்கும். ஜெல் காயக் காயத் தடை கூடி உணர்வு குறையும், ஆள் வலுவைக் கூட்டுவார், பிறகு துண்டைக் கையால் அழுத்துவார். தடை திடீரென்று விழுந்து "சொக்" அடிக்கும். ஆகவே துண்டைத் தொடுவதற்கு முன் வலுவைப் பூச்சியத்துக்கு இறக்குங்கோ. எந்தக் கருவிக்கும் இது பொது.

யூஎஸ்பி வழியாகச் சார்ச் ஏறும்போது பாவிக்கவே வேண்டாம். மலிவுச் சார்ஜரின் காப்பில் குறையிருந்தால் 230 வோல்ற்றுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நல்ல கருவி சார்ச் ஏறும்போது வேலை செய்யாது.

சந்தேகன்:
இவ்வளவு கணக்கும் நல்லதுதான். ஆனால் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016இல் நாரி நோவுக்கும் 2022இல் மூட்டுத் தேய்வுக்கும் டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்று வழிகாட்டி எழுதியிருக்கு. அமெரிக்காவின் அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார், நாட்பட்ட நாரி நோவுக்கு, ஆய்வுக்குள் எடுப்பவர்களைத் தவிர, இதற்குக் காசு கட்டுவதில்லை என்று 2012இல் முடிவெடுத்தது. முழங்காலுக்கும் நாரிக்கும் என்று கேள்வி கேட்டவருக்கு முதல் பதில் அதுவாக இருந்திருக்க வேணும் இல்லையா?

இயன்கை:
நியாயமான கேள்வி. ஆனால் அதே 2022இல் 381 பரிசோதனைகளை, மொத்தம் 24,532 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வும் வந்தது. கரண்ட் ஓடும்போதும் நிறுத்தின கையோடும், போலிக் கருவியைவிட நோ குறைகிறது என்று நடுத்தர உறுதியோடு சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை. நைஸ் கேட்பது "இந்த நோய்க்குப் பலன் தரும் என்று போதிய சான்று இருக்கா, காசுக்குத் தகுமா" என்று. தொகுப்பாய்வு கேட்பது "நோ இப்ப குறையுமா" என்று. முதலாவதுக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஓம். தேய்ந்த குருத்தெலும்பு டென்ஸால் வளராது.

அளவுப் பிரச்சினையும் ஆய்வுகளுக்குள் இருக்கு. சத்திரசிகிச்சைக்குப் பிறகான நோவில் 2003இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, போதிய வலுவில் கொடுத்த ஆய்வுகளைத் தனியாகப் பிரித்தது. அவற்றில் நோமருந்துத் தேவை ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்தது, வலு போதாதவற்றில் 4 சதவீதம்தான். நாரிப் பரிசோதனைகள் பலதிலும் "லேசாக உணரும் அளவு" என்றுதான் எழுதியிருக்கும். ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்கப் பரவுகிற நாட்பட்ட நோ) உள்ள 301 பெண்களிடம் 2020இல் வெளிவந்த பரிசோதனையில் தாங்கக்கூடிய ஆக உச்ச வலு, 2 முதல் 125 ஹேர்ட்ஸ் வரை மாறும் மீடிறன், அசைந்து வேலை செய்யும்போது நாளுக்கு இரண்டு மணித்தியாலம், நாலு கிழமை. அசைவு நோவு போலிக் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்தது.

சந்தேகன்:
விறுவிறுப்புத் தெரிகிற கருவி ஒன்று, தெரியாத போலி ஒன்று. எது உண்மை என்று நோயாளிக்குத் தெரியாமல் எப்படி மறைக்கிறது? 381 என்ற எண்ணிக்கையை என்னால் முழுசாக நம்ப முடியாததுக்குக் காரணம் அதுதான்.

இயன்கை:
அதை மறுக்கேல்லை. அரை நிமிசம் கரண்ட் விட்டுப் பிறகு மெல்ல நிறுத்துகிற போலிக் கருவிகள் இருக்கு, ஓரளவு மறைக்கும், முழுக்க இல்லை. ஆகவே நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான்: சரியான வலுவில் மூன்று நாலு நாள் பிடித்துப் பாருங்கோ, அசையும்போது நோ குறையுதா என்று பாருங்கோ. இல்லையென்றால் நிறுத்துங்கோ. குளிசையைப் போல இதைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு பொறி இருக்கு. ஒரே மீடிறனில் தினமும் வைத்தால் நாலு ஐந்து நாளில் பழக்கம் ஏறிப் பலன் மங்கும். எலி ஆய்வுகளில் இரண்டு மீடிறனை மாற்றி மாற்றிக் கொடுத்தபோதும், வலுவை நாளுக்குப் 10 சதவீதம் கூட்டியபோதும் அது தள்ளிப்போனது. ஆகவே ஒரு நாள் 100, மறுநாள் 4 என்று மாற்றலாம்.

(பக்கத்தில் ஒரு சின்ன விசயம்: 200 மில்லிகிராம் கஃபெயின் டென்ஸின் பலனைக் குறைத்ததாக 1995இல் ஒரு சிறிய ஆய்வு. நோவை அடக்க உதவுகிற அடினோசின் என்ற பொருளின் ஏற்பியைக் கஃபெயின் அடைப்பது காரணமாக இருக்கலாம் என்று விளக்கினார்கள். நாளுக்கு ஆறு பிளேன்டீ குடிக்கிற ஊரில் யோசிக்க வேண்டிய விசயம்தான்.)

கொட்டாஞ்சேனைக் குரல்:
சீனி வருத்தக்காரர்களின் பாத எரிவுக்கும் பாரிசவாதத்துக்குப் பிறகு பாதம் தொங்குவதுக்கும் இதே கருவியை வைக்கிறார்கள். சரிவருமா?

இயன்கை:
பாத எரிவில் முதலில் உணர்வைப் பாருங்கோ. கண்ணை மூடச்சொல்லி, பல்குத்தியின் கூர் நுனியாலும் மொட்டை முனையாலும் மாறி மாறித் தொட்டு "எது" என்று கேளுங்கோ. விறைத்துப்போய் வித்தியாசம் சொல்ல முடியாத தோலில் ஒட்டவே கூடாது. கடிக்கிறது தெரியாது, வலுவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், புண் வரும், அந்தக் காலில் புண் ஆறாது. உணர்வு உள்ள மேல்பகுதிக்கு, கெண்டைக்காலின் பக்கங்களுக்கு ஏற்றுங்கோ. தொட்டாலே எரிகிற தோலிலும் நேரே வேண்டாம், அதே நரம்பின் மேல்பகுதியில் வைக்கலாம்.

தொங்கு பாதம் வேறு விசயம், அது நோவுக்கான டென்ஸ் இல்லை, நரம்பு வழியாகத் தசையை இயக்குவது. லிபர்சன் 1961இல் செய்தது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படுகிற மொட்டு எலும்பு இருக்கே, அதுக்குக் கொஞ்சம் கீழே, பின்னால் ஒரு துண்டு. நரம்பு அங்கேதான் தோலுக்குக் கிட்ட வருகிறது. மற்றது கணைக்காலின் முன்பக்கத் தசையின் நடுவில். 30 முதல் 40 ஹேர்ட்ஸ், 200 முதல் 300 மைக்ரோசெக்கன். பாதம் மேலே எழும்ப வேணும். வெளிப்பக்கமாகக் கூடத் திரும்பினால் மேல் துண்டை முன்னால் நகர்த்துங்கோ, உட்பக்கம் திரும்பினால் பின்னால். அரை சென்ரிமீற்றர் போதும். சரியான இடம் கிடைத்ததும் பேனையால் தோலில் சுற்றிக் கோடு போட்டு வையுங்கோ, அடுத்த நாள் தேட வேண்டாம். நடக்கும்போது பாவிக்கக் குதிக்கால் சுவிட்ச் உள்ள கருவி வேணும், சாதாரண டென்ஸால் இருந்த இருப்பில் பயிற்சிதான் செய்யலாம்.

இது மூளை, முண்ணாண் பக்கத்துக் காயத்துக்கு மட்டும். வட்டு அழுத்தியோ, குட்டநோயிலோ, முழங்காலடி முறிவிலோ நரம்பே போயிருந்தால் 300 மைக்ரோசெக்கன் துடிப்பு ஒன்றும் செய்யாது. நரம்பு அறுந்த தசைக்கு 10 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட நீண்ட துடிப்பு வேணும், கையடக்கக் கருவிகளில் அது கிடையாது. வலுவை உச்சத்துக்கு ஏற்றியும் பாதம் அசையாவிட்டால் கருவியைத் திட்டாமல் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு அனுப்புங்கோ.

வெள்ளவத்தையான்:
அடிக்கடி சலம் போகிறவர்களுக்குக் கணுக்காலில் வைக்கிறதாகக் கேள்வி. பகிடியா?

இயன்கை:
பகிடி இல்லை. கணைக்காலின் பின்பக்கத்தால் கணுக்காலுக்கு இறங்குகிற நரம்பும் சலப்பைக்குப் போகிற நரம்பும் முண்ணாணின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்திலிருந்து வருகின்றன. உட்கணுக்காலுக்குப் பின்னால் ஒரு துண்டு, அதிலிருந்து 10 சென்ரிமீற்றர் மேலே மற்றது. 10 முதல் 20 ஹேர்ட்ஸ், 200 மைக்ரோசெக்கன், 30 நிமிசம். பெருவிரல் கீழே மடங்கினால் நரம்பு பிடிபட்டது என்று அர்த்தம், பிறகு கொஞ்சம் இறக்குங்கோ. 12 கிழமை தொடராமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சலத்தில் கிருமி இருக்கா என்று முதலில் பாருங்கோ. சலம் அடைபட்டு நிற்கிறவர்களுக்குச் சோதிக்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ஒத்தைத் தலையிடிக்கு நெற்றியில் ஒட்டுவது பற்றிக் கேட்க முதலே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் அனுமதித்த நெற்றிக் கருவி 60 ஹேர்ட்ஸ், 250 மைக்ரோசெக்கன், உச்சம் 16 மில்லியம்பியர், அதுக்கு மேல் போகாது. 80 மில்லியம்பியர் போகிற நாரிக் கருவியை நெற்றியில் வைக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக் குரல்:
யாருக்குக் கூடவே கூடாது என்பதையும் எழுதிவிடுங்கோ அக்கா, இதைத் தேடி வருகிறவர்கள் கடைசிவரை வாசிக்கமாட்டார்கள்.

இயன்கை:
பேஸ்மேக்கரோ உட்பொருத்திய அதிர்ச்சிக் கருவியோ இருந்தால் இதய டொக்டர் சொல்லாமல் வேண்டாம். கழுத்தின் முன்பக்கம் எவருக்கும் வேண்டாம்: கழுத்துத் தமனிக் குழிவில் பட்டால் பிரசர் விழும், குரல்வளைத் தசை இறுகும். நெஞ்சின் குறுக்கே வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்குத் தலையிலும் கழுத்திலும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வேண்டாம். காலில் இரத்தக்கட்டி என்ற சந்தேகம், புற்றுநோய் உள்ள இடம், புண்பட்ட தோல், இவையும் சேரும். சிகிச்சை நிலையத்தில் ஷோட்வேவ் டயதேமி (ரேடியோ அலையால் உடம்பைச் சூடாக்குகிற கருவி) ஓடும்போது பக்கத்துக் கட்டிலில் டென்ஸ் போட வேண்டாம், வெளிவருகிற அளவு குழம்பும். முக்கியமாக, புதிதாக வந்த, காரணம் தெரியாத நோவுக்கு இதை வைத்து மறைக்க வேண்டாம். நெஞ்சு நோவைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துக் கரண்ட் பிடிக்கிறது இந்தக் கருவியின் ஆக ஆபத்தான பாவனை.

வெள்ளவத்தையான்:
துண்டுகள் இரண்டு கிழமையில் ஒட்டுப்போய்விடுகின்றன. கடல்காற்றுப் பக்கம் என்பதாலா?

ஓம்விதி:
கடல்காற்று வயரைத்தான் தின்னும், துண்டைத் தின்னுவது வியர்வையும் எண்ணெயும். நல்ல துண்டு 20, 30 தடவை வரும். ஒட்டுகிற இடத்தில் தைலமோ பாமோ தேங்காயெண்ணெயோ இருந்தால் அதே நாளில் போய்விடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நிமிசம் காயவிட்டு ஒட்டுங்கோ. பவுடர் வேண்டாம். மயிர் கூடவென்றால் கத்தரியால் கட்டையாக வெட்டுங்கோ, சவரம் செய்த கையோடு ஒட்டினால் எரியும். கழற்றும்போது வயரில் இழுக்காமல் விளிம்பில் பிடித்து உரியுங்கோ. ஜெல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விரலால் தடவி, பிளாஸ்ரிக் தாளில் ஒட்டி, காற்றுப் புகாத பையில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கோ. மேலே ஐஸ் பெட்டியில் வைத்தால் ஜெல் நீர் பிரிந்து வீணாகும்.

வயரின் 2 மில்லிமீற்றர் முனையில் பச்சை படிந்தால் தொடுகை விட்டு விட்டு வரும், ஆள் துள்ளுவார். வயர் பெரும்பாலும் முனைக்குக் கிட்ட, றப்பர் உறை முடிகிற இடத்தில் அறும். மல்ரிமீற்றரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து வயரை மெல்ல வளையுங்கோ, பீப் சத்தம் விட்டுப்போனால் அந்த வயரை வெட்டி எறியுங்கோ. நடுவில் முறுக்கி ஒட்டுநாடா சுற்ற வேண்டாம்.

கழற்றின பிறகு துண்டு இருந்த சதுரம் முழுக்க ஒரே மாதிரிச் சிவந்து அரை மணித்தியாலத்தில் போனால் பயமில்லை. விளிம்பு மட்டும் சிவந்தாலோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ கரண்ட் அங்கே குவிந்திருக்கு, துண்டை மாற்றுங்கோ. சதுரத்தையும் தாண்டிக் கடி பரவினால் ஒட்டுப்பசை ஒவ்வாமை, வேறு வகைத் துண்டு தேடுங்கோ.

வெள்ளவத்தையான்:
அலுமாரிக்குள் கிடக்கிற பெயரில்லாத கருவிகள் உண்மையில் எத்தனை மில்லியம்பியர் தருகுது என்று அளக்க வழி இருக்கா அண்ணே?

ஓம்விதி:
இருக்கு. மல்ரிமீற்றரின் ஏசி அளவை நம்ப வேண்டாம், அது 50 ஹேர்ட்ஸ் சைன் அலைக்குப் பழகினது, இந்தக் குறுகிய துடிப்பில் மிகக் குறைவாகக் காட்டும். ஒசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற கருவி) வேணும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 1 கிலோஓம் தடை ஒன்று வாங்கி இரண்டு வயர் முனைக்கும் நடுவில் போட்டு, பத்துமடங்கு குறைத்து அனுப்புகிற புரோபால் (அளக்கிற முனை) பாருங்கோ. கருவி பற்றரியில் மட்டும் ஓட வேணும். திரையில் உச்சம் 50 வோல்ற்று என்றால் 50 மில்லியம்பியர். முழு வலுவில் பூச்சியக் கோட்டுக்கு மேலே உள்ள பரப்பும் கீழே உள்ளதும் சமமா என்றும் பாருங்கோ, சமமில்லாவிட்டால் அது தோலை வேகவைக்கிற கருவி. பிறகு 500 ஓம் போட்டுத் திரும்பப் பாருங்கோ: வோல்ற்று பாதியானால் மாறா மின்னோட்டக் கருவி, அப்படியே நின்றால் மாறா அழுத்தம்.

வெள்ளவத்தையான்:
கால் வாட் தடை போதுமா?

ஓம்விதி:
50 மில்லியம்பியர், 100 ஹேர்ட்ஸுக்குப் போதும், 0.1 வாட்தான். 80 மில்லியம்பியர், 250 மைக்ரோசெக்கன், 150 ஹேர்ட்ஸ் என்று உச்சத்தில் வைத்தால் 0.48 வாட் வரும், கால் வாட் கருகும். ஒரு வாட் வாங்குங்கோ.